சகலையைவிட ஓர் அங்குலம் அதிகம்

கல்யாணம் செய்துகொண்டால் மனைவி வருவாள், மாமனார் மாமியார் வருவார்கள், மச்சான் வருவான் என்று எல்லாரும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். சகலை என்று ஒருவர் வருவார், வந்தவர் போகவே மாட்டார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பங்காளியோடு சண்டை போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். சகலையோடு எதுவும் செய்ய முடியாது. ஒரே பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அவர் இலையில் எத்தனை வடை விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். அவ்வளவுதான்.

என் சகலை பெயர் தங்கவேல். என் மனைவி கமலாவின் தங்கையைக் கட்டியவர். ஓமலூரில் தறிப்பட்டறை வைத்திருந்தார். என்னைவிட ஏழு வயது இளையவர், நாலு அங்குலம் உயரம், தலைமுடி முழுசாக இருக்கிறது. (எண்ணவில்லை. எண்ண வேண்டாம் என்கிற அளவுக்கு இருக்கிறது.) கெட்ட மனிதராகவாவது இருந்து தொலைத்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவர். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் ஓமலூரிலிருந்து இளநீரோடு வந்து நிற்பார். அந்த இளநீரும் இனிக்கும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சங்ககிரியில் நான் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். லாரி எங்காவது மோதிவிட்டால் நான் போய் அதைச் சுற்றி வந்து, எத்தனை நசுங்கல், எத்தனை கீறல், எது இந்த விபத்தில் வந்தது, எது முன்னாலேயே இருந்தது என்று எண்ணி எழுதுவேன். என் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை ‘இது பழைய டேமேஜ்’ என்பதுதான். அதைக் கேட்ட லாரி ஓனர்கள் என்னைப் பார்த்த பார்வையைத் தனியாக எண்ணவில்லை. ஓய்வுக்குப் பிறகு லாரி கிடைக்காததால் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ண ஆரம்பித்தேன். கமலா சின்ன மாப்பிள்ளையை ஒரு நாளில் எத்தனை தடவை புகழ்கிறாள் என்பது அதில் ஒன்று. சாதாரண நாளில் மூன்று. அவர் வந்துபோன மறுநாள் பதினொன்று.

எங்கள் மச்சான் செந்தில் வீட்டுப் பேரக் குழந்தையின் காதுகுத்துக்கு அவர் ஒரு ஜீப்பில் வந்து இறங்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கேயோ துருப்பிடித்துக் கிடந்த பழைய ஜீப்பை வாங்கி, தானே பிரித்து, தானே சேர்த்து, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தார். ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம் மொத்தமும் ஜீப்பைச் சுற்றி நின்றது. காது குத்திய குழந்தை தனியாக அழுதுகொண்டிருந்தது.

என் மாமியார் கதவுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள சந்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு இழு இழுத்தார்.

“மேலயும் கீழயும் ஒரே சீரா இருக்குது பாரு, கமலா.”

“ஆமாம்மா. பத்திரிகை மடிச்ச மாதிரி இருக்குது.”

“கொஞ்சம் பொறுமையா உக்காந்து பூட்டுனா வந்துருமுங்க அத்தை,” என்றார் தங்கவேல். அடக்கம் வேறு.

நானும் சுற்றிவந்து பார்த்தேன். முப்பது வருஷ அனுபவத்தை மொத்தமாகத் திரட்டிப் பார்த்தேன். ஒரு பழைய டேமேஜ்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில், “ஹாரன் சத்தம் கொஞ்சம் கம்மி,” என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டேன்.

மோர் குடிக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஜேடர்பாளையத்தில் மாமனார் வீட்டுக் கரும்பாலைக் கொட்டகையில் ஒரு பிக்கப் கிடந்தது. முன்னால் உருண்டை மூக்கும் பின்னால் திறந்த தொட்டியுமாக, அந்தக் காலத்து வண்டி. மாமனார் அதில்தான் வெல்லச் சிப்பம் ஏற்றிச் சந்தைக்குப் போவார். அவர் போன பிறகு அதில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. மாமியாரிடம் கேட்டேன்.

“எதுக்குங்க மாப்பிள்ளை, இரும்புக்குப் போடவா?”

“இல்லீங்க அத்தை. பிரிச்சுச் சேர்க்கப் போறேன்.”

கமலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கள் வீட்டில் மிக்ஸி மூடியைச் சேர்ப்பதுகூட அவள்தான்.

ஆனால் மாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. செந்திலின் இளைய மகள் நந்தினிக்கு அப்போதுதான் சங்ககிரியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் லாரி ஓனர்கள். கல்யாணம் சங்ககிரி மண்டபத்தில்; முதல் நாள் பெண் வீட்டார் எங்கள் வீட்டில் வந்து தங்கி, அங்கிருந்து மாலையில் பெண் அழைப்பு புறப்படுவதாக ஏற்பாடு.

“அப்படீன்னா பொண்ணு அவ அப்பாரு வண்டியிலயே மண்டபத்துக்குப் போகட்டும்,” என்றார் மாமியார். (அப்பாரு என்றால் எங்கள் பக்கத்தில் தாத்தா.) “நானும் கூட உக்காந்துக்கறேன். பெரிய மாப்பிள்ளை ஓட்டட்டும்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆகாட்டிப் போச்சு, சின்ன மாப்பிள்ளை ஜீப்பு இருக்குது.”

அந்த ‘ஆகாட்டி’ என் நெஞ்சில் போல்ட் மாதிரி இறங்கியது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொண்டுவந்து மண்டபத்தில் இறக்குகிறவருக்கு, பெண்ணின் அப்பா எல்லார் முன்னாலும் தோளில் துண்டு போர்த்துவார். மூத்த மருமகன் நான் இருக்க, அந்தத் துண்டு தங்கவேல் தோளில் விழுவதா? அதைவிட நான் அந்தப் பிக்கப்பை இழுத்துக்கொண்டே மண்டபத்துக்குப் போவேன்.

வேலை செய்ய இடம் வேண்டும். தங்கவேலின் ஷெட்டைப் போய்ப் பார்த்தேன். (வேவு பார்க்கத்தான்.) சிமென்ட் தரை, மூன்று மூலையும் மட்டமாக இருந்து, ஈசானிய மூலை மட்டும் சரிந்திருந்தது. கூட வந்திருந்த கமலா உடனே சொன்னாள்: “வாஸ்துப்படி வடகிழக்கு எறக்கமா இருக்கோணுமுங்க. அதான் அவருக்குத் தொட்டதெல்லாம் வெளங்குது.” அவருடைய கொத்தனாரையே கூப்பிட்டேன்.

“அவங்களுக்கு எத்தனை இறக்கம் குடுத்தீங்க?”

“ரெண்டு அங்குலமுங்க.”

“எனக்கு மூணு குடுங்க.”

“மூணு எதுக்குங்க? நடந்தாச் சறுக்குமுங்க.”

“சறுக்கட்டும்.”

அப்படித்தான் சகலையைவிட ஓர் அங்குலம் அதிக அதிர்ஷ்டத்தோடு என் ஷெட் எழுந்தது. பலன் முதல் நாளே தெரிந்தது. கையிலிருந்து நழுவும் நட்டு, வாஷர், பென்சில், என் மூக்குக்கண்ணாடி, எல்லாம் உருண்டு போய் ஈசானிய மூலையில் காத்திருந்தன. தேடவே வேண்டாம். “பார்த்தீங்களா, ஈசானியம் சேர்த்துக் குடுக்குது,” என்றாள் கமலா. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஓர் அங்குலம் குறைவாக இருக்கும் தங்கவேல் ஷெட்டில் நட்டுகள் எவ்வளவு மெதுவாக உருளும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் வண்டி உடம்பைச் சேர்ப்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்க்க ஒரே உடம்பாகத் தெரிந்தாலும் அது தனித்தனித் துண்டுகள். அடியில் சேஸ் என்கிற நீளச் சட்டம். அதன்மேல் ஆள் உட்காரும் கேபின், இரண்டு கதவு, இரண்டு மட்கார்டு, மேலே பானட், முகத்தில் கம்பி வலை. எல்லாம் போல்ட்டில் நிற்கின்றன. போல்ட்டைவிட ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்திருப்பார்கள், இப்படி அப்படி நகர்த்திச் சரிபார்த்துக்கொள்ள. கேபினுக்கு அடியில் வாஷர் போட்டு ஏற்றி இறக்கலாம். கேட்கச் சுலபமாக இருக்கிறதா? கூட்டுக் குடும்பம் மாதிரிதான். ஒருத்தரைக் கொஞ்சம் நகர்த்தினால் நாலு பேருக்கு முகம் கோணும். பானட்டை இடதுபக்கம் தள்ளினால் வலது மட்கார்டு இளிக்கும். மட்கார்டை இழுத்தால் கதவு கோபித்துக்கொள்ளும்.

இன்ஜினை ஒரு மெக்கானிக் முடித்துக் கொடுத்தார். துருப்பிடித்த தகரத்தைத் தட்டி ஒட்டுப்போட ஒரு டிங்கர் வந்தார். அவர் சுத்தியலால் தட்டுவதை நான் சத்தமாக எண்ணியது அவருக்குப் பிடிக்கவில்லை. தட்டி முடித்ததும், மச்சினிச்சிக்குச் சீமந்தம் என்று சொல்லிப் போய்விட்டார். பூட்டுகிற வேலை முழுக்க என் கைக்கு வந்தது. நல்லதுதான். பெயரும் எனக்கே வரும் இல்லையா?

ஸ்பிரிங் பட்டைகளும் சக்கரங்களும் பட்டறைக்குப் போயிருந்ததால் சேஸை நாலு சிமென்ட் கல்லின்மேல் உட்கார வைத்தேன். நாலு கல்லும் ஒரே உயரமா என்று டேப் வைத்து அளந்தேன். ஒரு கல் ஒரு நூல் அதிகமாக இருந்தது. தேய்த்துச் சரிசெய்தேன். அவ்வளவு கவனம். அந்தக் கற்கள் நின்ற தரையை அளக்கத் தோன்றவில்லை. தரைதான் என் அதிர்ஷ்டமாயிற்றே, அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

முதல் தடவை முகத்திலிருந்து ஆரம்பித்தேன். இன்சூரன்ஸ் ரிப்போர்ட் அப்படித்தான் எழுதுவோம்: முன்னிருந்து பின்னால். கம்பி வலை, பானட், மட்கார்டு என்று அழகாகப் பூட்டிக்கொண்டு வந்தால் கடைசியில் கதவுக்கு இடமில்லை. எல்லாவற்றையும் கழற்றினேன். இரண்டாம் தடவை கதவிலிருந்து ஆரம்பித்து முன்னால் போனேன். நாலு மில்லி பிளைவுட்டில் சின்னத் துண்டுகள் வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சந்திலும் செருகிப் பார்த்தேன். இறுக்கமாகவும் போகக் கூடாது, லூசாகவும் கூடாது. அந்த வாரங்களில் நான் சாப்பாட்டு மேஜையிலும் தட்டுக்கும் டம்ளருக்கும் நடுவே அந்தத் துண்டை வைத்துப் பார்த்தேன் என்று கமலா சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.

ஓர் இடம்தான் இடித்தது. கேபினைத் தாங்கும் மற்ற இடங்களில் இரண்டிரண்டு வாஷர் போதுமாக இருந்தது. முன்பக்கம் இடது மூலையில் மட்டும் ஏழு தேவைப்பட்டது. எதற்கு அங்கே மட்டும் ஏழு என்று யோசித்தேன். வண்டி கிழக்கு பார்த்து நின்றது. அப்படியானால் முன்பக்க இடது மூலை என்பது ஈசானிய மூலை என்று ஒரு நல்ல சர்வேயர் கண்டுபிடித்திருப்பான். நான் கண்டுபிடித்தது வேறு. மாமனார் வண்டி ஓட்டிய காலமெல்லாம் இடதுபக்கம் மாமியார் உட்கார்ந்திருந்தார். அவர் கனத்தில் அந்த மூலை அமுங்கிவிட்டது. (இதைக் கமலாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.)

ஏழு வாஷர் போட்டேன். சந்து எல்லாம் நாலு மில்லி. மேலே நாலு, கீழே நாலு. பெயின்ட்காரர் ஷெட்டுக்கே வந்து மாமனாருக்குப் பிடித்த இளம்பச்சையை அடித்துக் கொடுத்தார். சக்கரம் மாட்டினோம். கதவைச் சாத்தினால் ‘டுப்’ என்று ஒரு சத்தம் வரும், நல்ல பீரோ மூடுகிற மாதிரி. நான் அதைத் தினமும் காலையில் நாலு தடவை, மாலையில் நாலு தடவை கேட்டேன். வாசல் கேட் வரைக்கும் ஓட்டிப்போய் அப்படியே ரிவர்ஸில் வந்து ஷெட்டில்தான் இறங்குவேன். தெருவில் விட்டால் யாராவது பார்த்து ஓமலூருக்குச் சொல்லிவிடுவார்களே.

சொல்லாமலே ஒரு நாள் தங்கவேல் வந்துவிட்டார். நான் தார்ப்பாயை இழுத்து வண்டியை மூடிவிட்டு அதன்முன் நின்றேன்.

“ஏதாச்சும் ஒத்தாசை வேணுமுங்களா சகலை?”

“ஒண்ணும் வேண்டாமுங்க. முடிஞ்ச மாதிரிதான்.”

அவர் தரையைப் பார்த்தார். காலை அகட்டி நின்று ஒருமாதிரி சாய்ந்து பார்த்தார். “எறக்கம் நல்லா இருக்குதுங்களே.”

“மூணு அங்குலம்,” என்றேன்.

“இதும்மேலயா வெச்சு பூட்...” என்று ஆரம்பித்தார். என் அதிர்ஷ்டத்தைப் பார்த்து அவருக்கே பொறாமை வந்துவிட்டது என்று நான் சந்தோஷத்தில், “வாங்க, காப்பி ஆறுது,” என்று கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போய்விட்டேன். காப்பி இன்னும் போடவே இல்லை.

பெண் அழைப்பு நாளும் வந்தது. கிழக்கு பார்த்த ஷெட்டிலேயே பெண் ஏறட்டும் என்று முடிவாகி, சாமி கும்பிட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நாலில் ஒன்று உருண்டு ஈசானியத்துக்குப் போனது. நல்ல சகுனம் என்றார்கள். பட்டுச்சேலையில் நந்தினி நடுவில் உட்கார, மாமியார் தன் பழைய இடமான இடதுபக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கதவும் ‘டுப்’, ‘டுப்’. அப்போது கமலா என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒருதரம் அப்படிப் பார்த்திருக்கிறாள். அதை எண்ணிக்கையில் சேர்த்து, மொத்தம் இரண்டு.

வண்டி ஷெட்டை விட்டு இறங்கித் தார்ரோட்டில் ஏறியதும் எங்கேயோ ‘டங்’ என்றது. கொஞ்ச தூரத்தில் ‘கிர்ர்’. கண்ணுக்கு முன்னால் பானட்டின் இடதுபக்கச் சந்து என் கட்டைவிரல் போகிற அளவுக்குத் திறந்துகொண்டது. வலதுபக்கம் மட்கார்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

“மாமா, ஏதோ சத்தம் வருதுங்களே,” என்றாள் நந்தினி.

“புதுசுல்ல சாமி. பழகும்.”

பின்னால் தங்கவேல் ஜீப்பில் கமலாவும் அவள் தங்கையும் வந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். தங்கவேல் ஸ்டியரிங்கின்மேல் முன்னால் குனிந்து என் வண்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்து வாசல் பெரிய சிமென்ட் முற்றம். சுண்டினால் கோலிக்குண்டு நின்ற இடத்திலேயே நிற்கும், அத்தனை மட்டம். மேளம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அக்காள்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். செந்தில் கையில் மடித்த துண்டோடு நின்றான். வண்டியை நிறுத்தி, ஒரு ராஜாவைப் போல் கைப்பிடியைத் திருகினேன்.

கைப்பிடி திரும்பியது. கதவு வரவில்லை.

தோளால் இடித்தேன். மேல் மூலை கவ்விக்கொண்டிருந்தது. மாமியார் பக்கத்துக் கதவு கீழ் மூலையில் கவ்விக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து இரண்டு பேர் இழுத்தார்கள். நாலு பேர் இழுத்தார்கள். வண்டிதான் ஆடியது. ஜன்னல் கண்ணாடி அந்தக் காலத்து வழக்கப்படி பாதிதான் இறங்கும். பட்டும் பூவும் நகையுமாக இருக்கிற பெண்ணை அது வழியே எடுக்கிற பேச்சே இல்லை.

“மாமா, பூட்டியிருக்குதுங்களா?”

“இல்ல சாமி. கொஞ்சம் இறுக்கம்.”

“நல்ல நேரம் முடியறதுக்குள்ள பொண்ணு படி ஏறோணுமுங்க,” என்று வெளியே யாரோ சொன்னார்கள். நந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதமாக நான் அந்தத் தோள் துண்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் குழந்தைக்கு நாளைக்குக் கல்யாணம் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

மாப்பிள்ளை வீட்டார் லாரி ஓனர்கள் என்று சொன்னேன் அல்லவா? அவர்கள் அழைத்திருந்தவர்களும் லாரி ஓனர்கள். வாசலில் நின்ற கூட்டத்தில் பாதிப்பேருடைய வண்டியை நான் சுற்றி வந்து எண்ணியிருக்கிறேன். அதில் ஒருவர் பாதி இறங்கிய ஜன்னலில் குனிந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“ஏனுங்க சர்வேயர், இது இப்ப வந்ததுங்களா, இல்ல பழைய டேமேஜுங்களா?”

முற்றம் முழுக்கச் சிரித்தது. மேளக்காரர் ஒருவர் சிரித்ததில் தாளம் தப்பியது. எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

அப்போது தங்கவேல் வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். சந்துகளில் விரலை வைத்துப் பார்த்தார். கமலாவைப் பார்த்துக் கேட்டார்:

“ஷெட்டுல நல்லாத்தானுங்களே தொறந்துச்சு?”

“வெண்ணெய் மாதிரித் தொறந்துச்சுங்க.”

“அங்கயே வெச்சுத்தான் பூட்டுனாருங்களா? கல்லு வெச்சு?”

“ஆமாங்க. தரைதான் ஈசானியத்துக்கு மூணு அங்குலம் எறக்கமா இருக்குமே. உங்க ஷெட்டுல ரெண்டுன்னு கொத்தனாரு சொன்னாரு, அதுக்கு மேல ஒண்ணு வேணுமுன்னு இவரு போட்டுக்கிட்டாரு.”

இதை அவள் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மேளச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று சத்தமாகச் சொன்னாள். மேளம் சரியாக அந்த இடத்தில் நின்றிருந்தது.

தங்கவேல் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “நான் ஷெட்டுல வண்டி கழுவுவனுங்க,” என்றார். “தண்ணி போகோணுமில்லீங்க, அதுக்கு வெச்ச எறக்கம் அது. ஜீப்பை நெல்லுக் களத்துல வெச்சுப் பூட்டுனேன். களந்தான் மட்டமா இருக்கும்.”

விஷயம் இதுதான். முன்பக்க இடது மூலை பள்ளத்தில் இருந்ததால் சேஸ் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த முறுக்கலுக்கு ஏற்றபடி நான் நாலு மில்லி நாலு மில்லியாக அளந்து எல்லாவற்றையும் பூட்டியிருந்தேன். மட்டமான தரைக்கு வந்ததும் சேஸ் நிமிர்ந்துகொண்டது. நான் பூட்டியதெல்லாம் கோணிக்கொண்டது. உலகத்திலேயே என் ஷெட்டில் மட்டும் சரியாக இருக்கக்கூடிய ஒரு வண்டியை நான் செய்திருந்தேன்.

“இப்ப என்னங்க பண்றது?” என்றான் செந்தில். துண்டு அவன் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

தங்கவேல் சுற்றும் பார்த்தார். முற்றத்தின் இடது ஓரத்தில் சமையல்கட்டுத் தண்ணீர் ஓடும் சாக்கடை, முழங்கால் ஆழம்கூட இருக்காது. “சகலை, வண்டிய எடுங்க. நான் சொல்றபடி வாங்க. ஈசானியத்தை இதுல எறக்கிப்புடலாம்.”

இறக்கினோம். அவர் முன்னால் நின்று, “வாங்க, வாங்க, ஒடிச்சு, இன்னும் கொஞ்சம், விடுங்க,” என்று கையசைக்க, நான் என் மாமனாரின் வண்டியை, என் இளம்பச்சை வண்டியை, மூன்று மாதம் குழந்தை மாதிரித் துடைத்துவைத்ததை, ரசமும் காய் கழுவிய தண்ணீரும் கலந்து ஓடிய சாக்கடையில் இடது முன்சக்கரம் விழும்படி ஓட்டினேன். வண்டி ‘தொம்’ என்று ஒருபக்கம் மூக்கைக் குனிந்தது. அடியில் ‘டங்’ என்றது. இடது சந்து மூடிக்கொண்டது. பானட் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. யாரும் தொடாமலே என் பக்கத்துக் கதவு, ‘டுப்’ என்று, அதே பீரோச் சத்தத்தோடு திறந்துகொண்டது.

முதலில் நான் இறங்கினேன். பிறகு நந்தினி. அவள் இறங்கும்போது அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். மேளம் மறுபடி தொடங்கியது. ஆரத்தி சுற்றினார்கள். நல்ல நேரத்துக்குள் படி ஏறிவிட்டாள். கடைசியாக மாமியார் சீட்டில் நகர்ந்து நகர்ந்து வந்து இறங்கி, வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“அவிங்க அப்பாரு காலத்துல இந்தக் கதவு சாத்தவே சாத்தாது,” என்றார். “கயித்துலதான் கட்டியிருப்போம். பெரிய மாப்பிள்ளை பூட்டுனா இப்பத் தொறக்க மாட்டேங்குது. பரவால்ல, நல்ல இறுக்கந்தான்.”

செந்தில் துண்டை விரித்தான். என்னைப் பார்த்தான். தங்கவேலைப் பார்த்தான். சாக்கடையைப் பார்த்தான். துண்டைத் தங்கவேல் தோளில் போர்த்தினான். கைதட்டினார்கள். நான் கைதட்டினேனா என்பதைப் பற்றிக் கருத்துவேறுபாடு இருக்கிறது.

தங்கவேல் அந்தத் துண்டை எடுத்து, உதறி, என் தோளில் போட்டார். “பொண்ணைக் கொண்டாந்தது நீங்கதானுங்க சகலை. நான் சாக்கடையைக் காட்டுனேன், அத்தனைதான்,” என்றார். கைதட்டல் முன்னைவிட இரண்டு மடங்காக வந்தது. அவருக்கு. பெருந்தன்மையிலும் அவர்தான் முன்னால். அந்தத் துண்டு என் தோளில் எவ்வளவு கனத்தது என்று எந்தத் தராசிலும் நிறுத்துச் சொல்ல முடியாது.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. வண்டி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நெல்லுக் களத்தில் வைத்து மறுபடி பூட்டிக் கொடுக்கிறேன் என்று தங்கவேல் பல தடவை சொல்லிவிட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். அப்புறம் அதுவும் அவர் செய்த வண்டி ஆகிவிடும். இடது முன்சக்கரம் சரியாகப் பள்ளத்தில் இறங்கும் இடங்கள் சங்ககிரியில் நாலு இருக்கின்றன: பெட்ரோல் பங்க் காற்றுப் பிடிக்கும் இடம், மருந்துக்கடை ஓரம், ஒரு டீக்கடை, ஒரு ஸ்பீடு பிரேக்கரின் இறங்குமுகம். அங்கேதான் நாங்கள் இறங்குவோம். கோயிலுக்கு மட்டும் பஸ்ஸில் போகிறோம். அங்கே பள்ளம் எதிர்மூலையான கன்னி மூலையில் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இப்போது பீரோ திறக்காவிட்டாலும், ஊறுகாய் ஜாடி மூடி மாட்டிக்கொண்டாலும், பையன் படிக்க உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தாலும், “கொஞ்சம் ஈசானியத்துல எறக்கிப் பாருங்க,” என்பார்கள். நந்தினியின் கல்யாண ஆல்பத்தில் முதல் படமே அதுதான். பாகன் ஏறுவதற்கு யானை கால் மடக்கிக் கொடுப்பதுபோல் வண்டி ஒருபக்கம் குனிந்திருக்கிறது. நந்தினி சிரிக்கிறாள். தங்கவேல் கைகாட்டுகிறார். நான் பாதிதான் தெரிகிறேன்.

இதெல்லாம் போகட்டும். எனக்குப் பொறுக்காதது வேறு. ஒவ்வொரு விசேஷத்திலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், “அந்தப் பிக்கப் கதையைச் சொல்லுங்க,” என்று கேட்பார்கள். என்னிடம் இல்லை. தங்கவேலிடம். அவர் சொல்வார். மெதுவாக ஆரம்பித்து, அந்த ‘டங்’குக்கு உள்ளங்கையால் மேஜையைத் தட்டி, என் குரலில் “மூணு அங்குலம்” என்று சொல்லி, சாக்கடையருகே ஓர் ஆட்டுக்குட்டி நின்று பார்த்ததாக ஒன்றைச் சேர்ப்பார். ஆட்டுக்குட்டியே கிடையாது. ஆனால் அந்த இடத்தில்தான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவமானப்பட்டது நான். முதலீடு என்னுடையது. லாபம் மட்டும் ஓமலூருக்குப் போகிறது.

அதனால்தான் நடந்ததை நடந்தபடி, ஆட்டுக்குட்டி இல்லாமல், நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். முடித்ததும் கமலாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். வாஷர் வந்த இடத்தில் என்னை ஒரு முறை முறைத்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“நல்லாத்தானுங்க இருக்குது,” என்றாள். “ஆட்டுக்குட்டியை ஏனுங்க விட்டுட்டீங்க?”